பளிங்குக்குள் தகைப்பு: எதோடு ஒப்பிட்டு?

வெளிநாட்டில் படித்து முடித்து ஊருக்கு வந்தவனிடம் யாழ்ப்பாணத்தில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அங்க என்னத்தில செய்தனீ?" உலோகங்களுக்குள் இருக்கிற தகைப்பை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் அளக்கிற வேலை என்று சொன்னால், "ஓ, நல்லது" என்றுவிட்டுக் கதை விசாவுக்கும் சம்பளத்துக்கும் போய்விடும். அது பரவாயில்லை. ஆனால் ஏஎல் கணிதப் பிரிவில் படிக்கிற என் மருமகன், கொக்குவிலில் ரியூசன் முடித்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே நல்லதொரு கேள்வி கேட்டான். "மாமா, தகைப்பு எண்டா விசையைப் பரப்பளவால பிரிக்கிறது. உலோகத்துக்கு உள்ளுக்க, கண்ணுக்கே தெரியாத துண்டில, விசையை எப்பிடி அளப்பியள்? தராசு வைக்கேலாதே."

அளக்கேலாது. தகைப்பை யாரும் அளப்பதில்லை, வேறொன்றை அளந்துவிட்டுத் தகைப்பைக் கணிக்கிறோம், அந்தக் கணிப்புக்குள் சில ஊகங்கள் ஒளிந்திருக்கின்றன. அவனுக்கு அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கிறேன்.

ஏஎல் செய்முறையில் யங்கின் மட்டு (ஒரு பொருள் இழுபடாமல் எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்று சொல்கிற எண்) காண்கிற பரிசோதனை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரே தாங்கியிலிருந்து ஒரே உலோகத்தாலான இரண்டு கம்பிகள் தொங்கும், ஒன்றில் மாறாத சுமை, மற்றதில் சுமையைக் கூட்டிக்கொண்டு போவோம், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை வேணியர் காட்டும். 2 மீற்றர் நீளமும் 0.5 மி.மீ. விட்டமும் உள்ள உருக்குக் கம்பியில் 2 கிலோகிராம் தொங்கவிட்டால் தகைப்பு ஏறத்தாழ 100 மெகாபஸ்கால். உருக்கின் யங்கின் மட்டு 200 கிகாபஸ்கால் என்று எடுத்தால் கம்பி நீளுவது வெறும் 1 மி.மீ. அங்கே சுமை தெரியும், விட்டம் தெரியும், நீட்சியை அளக்கிறோம், மட்டு விடையாக வருகிறது. ஆய்வுகூடத்தில் நாங்கள் செய்தது இதையே தலைகீழாக: சுமை தெரியாது, மட்டு ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது, நீட்சியை அளந்தால் தகைப்பு வரும். மாறாத சுமையோடு தொங்குகிற அந்த இரண்டாவது கம்பியை மட்டும் மறந்துவிடாதீர்கள், பின்னால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

இங்கே நீளுவது கம்பி அல்ல, அணு அடுக்குகளுக்கு இடையிலான தூரம். பளிங்கு என்றால் ஆனையிறவு உப்பு மாதிரி மினுங்குகிற ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள், ஆனால் அலுமினியப் பானையும் வாசல் கேற்றும் பளிங்குதான். ஒரே பெரிய பளிங்கு இல்லை, பல்லாயிரம் சின்னப் பளிங்கு மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன, ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன, மணிக்கு மணி அந்த வரிசையின் திசைதான் மாறுகிறது. இரும்பில் அந்த வரிசையின் அடிப்படைக் கனவுருவின் பக்கம் 0.287 நானோமீற்றர். சாதாரண மென்னுருக்கு நிரந்தரமாக வளையத் தொடங்குகிற 250 மெகாபஸ்காலில்கூட அந்தப் பக்கம் மாறுவது அரைப் பிக்கோமீற்றருக்கும் குறைவு. அதைத்தான் அளக்க வேண்டும்.

ஏன் அளக்க வேண்டும் என்று கேட்டால், வெல்டிங் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். கேற்றுச் சட்டத்தை ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் ஆறும்போது அது கோணிப்போகும், அதனால்தான் பட்டறைக்காரர் நாலு மூலையிலும் முதலில் சின்னச் சின்னப் பொட்டு வைத்துவிட்டுப் பிறகு மாறி மாறி ஒட்டுகிறார். கோணாத கேற்றுக்குள்ளும் தகைப்பு இருக்கிறது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். இது மில்லிமீற்றர் கணக்கில் பரவிக் கிடக்கிற பெரிய தகைப்பு, எக்ஸ் கதிரால் அளந்துவிடலாம். அதற்கும் கீழே இன்னொரு உலகம் இருக்கிறது. இரும்புப் பளிங்கை அதன் கனவுருவின் பக்கத்துக்குச் சமாந்தரமாக இழுத்தால் யங்கின் மட்டு ஏறத்தாழ 130 கிகாபஸ்கால், மூலைவிட்டத்தின் திசையில் இழுத்தால் அதன் இரண்டு மடங்குக்கும் மேல். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த 200 என்பது எல்லாத் திசைகளையும் கலந்து வந்த சராசரி. ஆகவே ஒரு கம்பியைச் சீராக இழுத்தாலும் உள்ளே இருக்கிற மணிகள் சீராக நீளுவதில்லை, விறைப்பான மணி பக்கத்திலுள்ள இளகின மணியோடு முட்டுப்படுகிறது, எல்லையில் தகைப்பு குவிகிறது. வெடிப்பு பெரும்பாலும் தொடங்குவது அப்படிப்பட்ட இடங்களில்தான். சாதாரண எக்ஸ் கதிர்க் கற்றை இந்த மணிகள் ஆயிரக்கணக்கானவற்றை ஒரேயடியாக மூடி ஒரு சராசரியைச் சொல்லும். ஒற்றை மணிக்குள் ஒரு மூலையில் என்ன நடக்கிறது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

இலத்திரனுக்கு இரண்டு வசதிகள். மின்னேற்றம் இருப்பதால் காந்த வில்லைகளால் அதை நானோமீற்றர் அளவுக்குக் குவிக்கலாம், அலைநீளமும் மிகச் சிறியது: 20 கிலோவோல்ற்றில் 0.0086 நானோமீற்றர், 200 கிலோவோல்ற்றில் 0.0025. இலத்திரன் அலையாக நடந்துகொள்ளும் என்பது நிரூபணமானதே ஒரு விபத்தால்தான். பெல் ஆய்வுகூடத்தில் டேவிசனும் ஜேர்மரும் நிக்கலில் இலத்திரன்களைத் தெறிக்கவிட்டுக்கொண்டிருந்தபோது, 1925இல் ஒரு திரவ வளிப் போத்தல் வெடித்து உள்ளே காற்றுப் புகுந்து நிக்கல் கறுத்துவிட்டது. அதைச் சுத்தமாக்க நீண்ட நேரம் சூடாக்கினார்கள், சூட்டில் சின்ன மணிகள் சேர்ந்து பெரிய பளிங்குகளாகிவிட்டன, அதற்குப் பிறகு எடுத்த அளவீடுகள் முழுக்க மாறிப்போயின. 1927இல் அது இலத்திரன் கோணல், அதாவது அலைபோல அணு அடுக்குகளில் பட்டுக் குறிப்பிட்ட திசைகளில் மட்டும் பலமாகத் திரும்புவது, என்று வெளியிட்டார்கள். அதே ஆண்டில் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் ஜி. பி. தொம்சன் மெல்லிய படலங்களுக்கூடாக இலத்திரன்களை அனுப்பி அதையே காட்டினார். இலத்திரனைத் துணிக்கை என்று கண்டுபிடித்த ஜே. ஜே. தொம்சனின் மகன் அவர். தகப்பன் துணிக்கைக்கும் மகன் அலைக்கும் நோபல் பரிசு வாங்கிய குடும்பம் அது.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஜப்பானியரான கிக்குச்சி. 1928இல் மைக்கா தகட்டுக்கூடாக இலத்திரன்களை அனுப்பிய அவர், வழமையான புள்ளிகளோடு சோடி சோடியாகக் கோடுகளும் விழுவதைக் கண்டார். பளிங்குக்குள் புகுந்த இலத்திரன்களில் ஒரு பகுதி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது, சிதறியவை மறுபடி அணுத்தளங்களில் பிரக்கின் விதிக்கு (அலைநீளமும் தளங்களுக்கு இடையிலான தூரமும் சேர்ந்து கோணத்தைத் தீர்மானிக்கிற விதி) சரியான கோணத்தில் பட்டால் அங்கே கோணலடைகின்றன, திரையில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பட்டை விழுகிறது. முழுப் படத்தையும் பார்த்தால் ஒரு றோட்டுப் படம் மாதிரி இருக்கும்: பட்டைகள் தெருக்கள், அவை வெட்டுகிற இடங்கள் சந்திகள். கற்றையால் மேற்பரப்பைத் தடவிப் பார்க்கிற வருடி நுணுக்குக்காட்டியில் மாதிரியை 70 பாகை சரித்து வைத்து, எதிரே இலத்திரன் பட்டால் ஒளிர்கிற ஒரு பொஸ்பர் திரையும் கமராவும் வைத்தால் இந்தப் படம் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும். இந்த முறைக்கு ஈபிஎஸ்டி (electron backscatter diffraction) என்று பெயர். கற்றையைப் புள்ளி புள்ளியாக நகர்த்தினால் ஒரு நாளில் இலட்சக்கணக்கான படங்கள் சேர்ந்துவிடும்.

தகைப்பால் தளங்களுக்கு இடையிலான தூரம் மாறினால் பட்டையின் அகலமும் மாறும் தானே, அதை அளந்தால் போதாதா? எல்லாரும் முதலில் நினைப்பது அதைத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோவோல்ற்றில் சிலிக்கனின் ஒரு முக்கியமான பட்டை ஏறத்தாழ 2.6 பாகை அகலம். விகாரம், அதாவது நீளம் மாறுகிற விகிதம், 1,000இல் 1 பங்கு என்றால் அகலம் மாறுவது 0.0026 பாகை. பட்டையின் ஓரமோ புகை படிந்ததுபோல மங்கலாக இருக்கும், அதில் அந்த மாற்றத்தைத் தேடுவது வீண் வேலை. ஆனால் பளிங்கு ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் ஒடுங்கும்போது தளங்களுக்கு இடையிலான கோணங்களும் மாறுகின்றன, அதனால் சந்திகள் இடம்பெயர்கின்றன. 1,000 பிக்சல் அகலமுள்ள படத்தில் அதே விகாரத்துக்குச் சந்தி நகருவது அரைப் பிக்சல் அளவில் இருக்கும். அரைப் பிக்சலைப் பிடிக்க வழி இருக்கிறது.

வில்கின்சன், மீடன், டிங்லி ஆகிய மூவரும் 2006இல் வெளியிட்ட முறை அதுதான். ஒரு படத்தை அடிப்படையாக எடுத்து, அதிலும் மற்றப் படத்திலும் ஒரே இடங்களில் இருபதுக்கு மேற்பட்ட சின்னச் சதுரங்களை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்தி எந்த நகர்வில் இரண்டும் மிக நன்றாகப் பொருந்துகின்றன என்று கணினியால் பார்ப்பது. பொருத்தத்தின் உச்சியை வளைகோடு போட்டு இடைக்கணித்தால் பிக்சலின் இருபதில் ஒரு பங்கு நகர்வுகூடத் தெரியும். விகாரமாகச் சொன்னால் 10,000இல் 1 பங்கு, உருக்கில் 20 மெகாபஸ்கால். சாதாரண ஈபிஎஸ்டி மென்பொருள் பட்டைகளின் திசையை அரைப் பாகை பிழையோடு சொல்கிற இடத்தில் இது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்று அந்தத் துறையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். எனக்கு இன்றும் அதிசயமாக இருப்பது, இதற்காகப் புதிய கருவி ஒன்றும் செய்யப்படவில்லை என்பது. கொஞ்சம் நல்ல கமரா, அப்புறம் கணக்கு.

இடையில் ஒரு புலம்பல். இலத்திரன்கள் செய்தி கொண்டுவருவது மேற்பரப்பிலிருந்து சில பத்து நானோமீற்றர் ஆழத்துக்குள்ளிருந்துதான். மாதிரியை மினுக்கும்போது மணல் தாள் போட்ட கீறல், கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும், அதன் கீழே மைக்ரோமீற்றர் கணக்கில் நசுங்கிய படையை விட்டுவைக்கும். அதை எடுக்கக் கூழ்ச் சிலிக்காவில் மணிக்கணக்காக மெதுவாகத் தேய்க்க வேண்டும், அல்லது மின்பகுப்பு முறையில் மினுக்க வேண்டும். இந்தத் துறையில் நான் செய்த வேலையில் பெரும்பகுதி இதுதான், பௌதிகம் அல்ல. வைரத் தூளில் மினுக்கி முகம் தெரிகிறது என்று சந்தோசப்பட்டுக் கொண்டுபோய் வைத்தால் திரையில் ஒரு பட்டையும் இருக்காது, வெறும் சாம்பல் நிறம். ஆய்வுக் கட்டுரைகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடும்.

சரி, ஊகங்களுக்கு வருவோம். ஒரு கனவுரு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெருத்தால் அதன் கோணங்கள் ஒன்றும் மாறாது, ஆகவே சந்திகளும் நகராது. அதாவது நீரமுக்கம் போல எல்லாத் திசைகளிலும் சமமாக அழுத்துகிற அல்லது இழுக்கிற பகுதி இந்த முறைக்குத் தெரியவே தெரியாது. பளிங்கு எப்படி இழுபட்டுத் திரும்பியிருக்கிறது என்று முழுதாகச் சொல்லத் தெரிய வேண்டிய ஒன்பது எண்களில் எட்டுத்தான் படத்திலிருந்து வருகின்றன. ஒன்பதாவதுக்கு என்ன செய்கிறோம்? மேற்பரப்புக்கு வெளியே வெற்றிடம், அதைத் தள்ளவோ இழுக்கவோ அங்கே ஒன்றும் இல்லை, ஆகவே மேற்பரப்புக்குச் செங்குத்தான தகைப்பு பூச்சியம் என்று எடுத்துக்கொள்கிறோம். மெல்லிய படைக்கு இது நியாயமான ஊகம்தான், எனக்கு அதில் குறையில்லை. ஆனால் அந்த மேற்பரப்பு எங்கிருந்து வந்தது? நாங்கள் வெட்டியதால் வந்தது. வெட்டும்போதே உள்ளே இருந்த தகைப்பில் ஒரு பங்கு தளர்ந்து போய்விட்டது. பொருளின் நடுவில் இருந்த தகைப்பு இது என்று யாராவது வெட்டுமுகத்தின் படத்தைக் காட்டிச் சொன்னால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் அடிப்படைப் படம். நகர்வு என்றாலே எதிலிருந்து நகர்ந்தது என்ற கேள்வி வரும். செய்முறையில் அந்த இரண்டாவது கம்பி இருந்தது இதற்காகத்தான்: தாங்கி தாழ்ந்தாலும் அறை சூடேறினாலும் இரண்டு கம்பிக்கும் ஒரே மாதிரி நடக்கும், வித்தியாசம் மட்டும் மிஞ்சும், இரண்டாவது கம்பியில் சுமை மாறவில்லை என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். உலோக மணிக்குள் அப்படி நிச்சயமான இடம் எது? வழமையாக மணியின் நடுவில், படம் தெளிவாக இருக்கிற ஒரு புள்ளியை எடுப்பார்கள். அந்தப் புள்ளியிலேயே 200 மெகாபஸ்கால் இருக்கலாம். இருந்தால் அது பூச்சியமாகிவிடும், மற்ற எல்லாப் புள்ளிகளும் அதிலிருந்து கழிந்த மிச்சம். அதைவிட மோசம், ஒவ்வொரு மணிக்கும் தனித்தனி அடிப்படைப் படம் வேண்டும், ஆகவே பக்கத்து மணிகள் இரண்டின் பூச்சியங்கள் வேறு வேறு. நிறம் தீட்டிய தகைப்புப் படத்தில் இந்த மணியில் சிவப்பு, அந்த மணியில் நீலம் என்று பார்த்து இதில் தகைப்பு கூட என்று சொல்ல வழியே இல்லை, ஆனால் கருத்தரங்குகளில் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மணிக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படி மாறுகிறது என்பதை நம்பலாம், அதை வைத்து டிஸ்லொக்கேசன்கள் (அணு வரிசையில் கோடாக ஓடுகிற பிசகுகள்) எங்கே அடர்ந்து கிடக்கின்றன என்று கணிக்கலாம், அதெல்லாம் உறுதியான வேலை. தனி எண்ணாக இத்தனை மெகாபஸ்கால் என்றால், எதோடு ஒப்பிட்டு என்று கேட்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

சிலிக்கன்காரருக்கு இந்தத் தலையிடி இல்லை. சில்லு செய்கிற தகடு முழுக்க ஒரே பளிங்கு, வேலை நடந்த இடத்திலிருந்து சில மைக்ரோமீற்றர் தள்ளிப் போனால் யாரும் தொடாத சிலிக்கன் இருக்கிறது, அதன் சாலக அளவு (அணு வரிசையின் அடிப்படைக் கனவுருவின் பக்கம்) 0.5431 நானோமீற்றர் என்று உலகத்துக்கே தெரியும். அங்கே இரண்டாவது கம்பி உண்மையிலேயே இருக்கிறது. இந்த அளவீடு பெரிய தொழிலாக வளர்ந்ததும் அங்கேதான். ஜேர்மானியத்தின் சாலகம் சிலிக்கனைவிட 4.2 சதவீதம் பெரியது. இன்ரெல் 2003இல் கொண்டுவந்த 90 நானோமீற்றர்த் தலைமுறையில் ஒரு வகைத் திரான்சிஸ்டர்களின் இரண்டு பக்கமும் சிலிக்கன் ஜேர்மானியக் கலவையை வளர்த்து, நடுவிலுள்ள சிலிக்கனை வேண்டுமென்றே நெருக்கினார்கள், நெருக்கினால் துளைகள் (இலத்திரன் இல்லாத வெற்றிடங்கள், நேர் மின்னேற்றம் போல நடப்பவை) வேகமாக ஓடும். இன்றைக்கு ஒவ்வொருவர் கையிலும் இருக்கிற போனுக்குள் இப்படித் திட்டமிட்டு வைத்த தகைப்பு இருக்கிறது. அந்த நடுப்பகுதி 50 நானோமீற்றருக்கும் குறைவான நீளம், அங்கே தகைப்பு எவ்வளவு என்று பார்க்க வருடி நுணுக்குக்காட்டி போதாது, மாதிரியை 100 நானோமீற்றர் அளவுக்கு மெலிதாக்கி, கற்றை மாதிரிக்கூடாகவே போகிற ஊடுருவு நுணுக்குக்காட்டிக்குள் வைக்க வேண்டும்.

அங்கே கற்றையைக் கூம்பாகக் குவித்து விழுத்தினால் கோணற் புள்ளிகள் வட்டத்தட்டுகளாக விரியும். கொசெலும் மொலன்ஸ்ரெற்றும் 1939இலேயே இதைச் செய்துவிட்டார்கள். நடுத்தட்டுக்குள் மெல்லிய கறுப்புக் கோடுகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும், ஹோல்ஸ் கோடுகள் என்று அவற்றுக்குப் பெயர், சாலகத்தில் 10,000இல் 1 பங்கு மாற்றம் வந்தாலும் அவை நகர்ந்து காட்டிக்கொடுக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாதிரியை மெலிதாக்கியதும் இரண்டு முகங்களும் தளர்ந்து, உள்ளே தளங்கள் வளைந்து, அந்த மெல்லிய கோடு இரண்டாகப் பிளந்துவிடும், முக்கியமான இடத்துக்குக் கிட்டப் போகப் போக இன்னும் மோசம். 1994இல் வின்சென்ற், மிட்ஜ்லி இருவரும் கற்றையைப் பம்பரத்தின் தலைபோலச் சுழற்றிப் படமெடுக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு புள்ளிகளின் ஒளிர்வு சீராகி இடத்தைத் துல்லியமாகக் குறிக்க முடிந்தது, இப்போது வேகமான கமராக்களால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோணற் படம் என்று அள்ளிக்கொண்டு வருகிறார்கள். கருவி முன்னேறிவிட்டது, மெலிதாக்கினால் தளரும் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

உலோகத்துக்கு இரண்டாவது கம்பியைக் கணினியிலேயே செய்துவிடலாமே என்று ஒரு கூட்டம் முயல்கிறது. தகைப்பே இல்லாத பளிங்கின் கிக்குச்சிப் படத்தை, இலத்திரன் பளிங்குக்குள் பல தடவை சிதறுவதையும் கணக்கில் எடுக்கிற இயக்கக் கோட்பாட்டின்படி கணித்து, அதை அடிப்படையாக வைத்துக்கொள்வது. வின்கெல்மானும் கூட்டாளிகளும் 2007இல் அப்படிக் கணித்த படங்களைப் பார்த்தால் நிஜப் படத்துக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்வதே கஷ்டம். ஆனால் அந்தப் படத்தைத் திரையில் சரியாக வைக்கக் கற்றை விழுகிற புள்ளிக்கு நேரே திரையில் எது நடு, திரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பவை தெரிய வேண்டும். 1,000 பிக்சல் திரையில் ஒரு பிக்சல் பிழைத்தால் 1,000இல் 1 பங்கு பொய் விகாரம் வந்துவிடும், உருக்கில் அது 200 மெகாபஸ்கால், நாங்கள் தேடுகிற விடையின் அளவே அதுதான். இதில் பெரிய முன்னேற்றம் வரும் என்றுதான் நினைக்கிறேன், எண்களை நம்புகிற நிலை இன்னும் வரவில்லை என்பது என் அபிப்பிராயம், மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

மருமகனின் அடுத்த கேள்வி, கருவி கையில் இல்லாமல் இங்கே இருந்து இதைப் படிக்கலாமா என்பது. படிக்கலாம். கம்பஸ் பிள்ளைகள் யாராவது வாசித்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பைதன் தெரிந்தால் கிக்குச்சிபை என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், அதோடு நிக்கலில் எடுத்த உண்மையான படங்களும் வருகின்றன. ஊடுருவு நுணுக்குக்காட்டிப் பக்கம் ஆர்வமென்றால் பை4டிஸ்ரெம் என்ற மென்பொருள் இருக்கிறது. கிக்குச்சிபையோடு வருகிற அந்த நிக்கல் படங்கள் 60க்கு 60 பிக்சல்தான், விகாரம் அளக்க அது போதாது, அதைப் பிழிந்து தகைப்புப் படம் எடுக்க வெளிக்கிட வேண்டாம். பட்டைகளை அடையாளம் காண, மணியின் திசையைக் கணிக்க, கணித்த படத்தோடு ஒப்பிட அது தாராளம். திரையின் நடுப்புள்ளியை வேண்டுமென்றே ஒரு பிக்சல் தள்ளி வைத்துவிட்டு விடை எப்படி மாறுகிறது என்று பாருங்கள், அதற்கு ஒரு சாதாரண மடிக்கணினியும் ஒரு பின்னேரமும் போதும்.